செண்பகத்தின் கேரட் பொரியல்

ஜூன் 18, புதன்

முழங்கால் வலி. எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னால் செண்பகம் வலது காலோடு நிறுத்திவிட்டுப் பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டாள். இடது கால் யார் வீட்டுக் கால் என்று தெரியவில்லை.

பதினோரு மணிக்குக் குற்றாலிங்கம் அத்தான் வந்தார். அத்தை மகன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, சொந்தத்தில் மீந்து கிடக்கிற ஆண் பெண்களையெல்லாம் ஜோடி சேர்ப்பதை ஒரு தொண்டாக எடுத்துக்கொண்டு அலைகிறார். காபியை ஆற்றிக்கொண்டே, “மங்கை, செண்பகத்துக்கு ஒரு இடம் வந்திருக்கு” என்றார்.

என் தங்கைக்குப் போன மாசி மாதத்தோடு ஐம்பத்தொன்று முடிந்துவிட்டது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பெயர் ஆவுடையப்பன், ஆழ்வார்குறிச்சி, அறுபது வயது. மின்வாரியத்தில் இருந்தவர். பெண்டாட்டி போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. மெஸ்ஸில் தினமும் முட்டைக்கோஸ் தின்று நாக்கு செத்துப்போச்சாம்.

“நகை நட்டு ஒண்ணும் வேண்டாங்காரு. விருந்துகூட வேண்டாமாம். சோறு, ரசம், ஒரு கேரட் பொரியல். அத ஒரு மனுஷி கையால உக்காந்து சாப்பிடணும், அவ்வளவுதான்னு சொல்லுதாரு. ஆடி பொறக்கதுக்கு முன்னால முடிச்சிருவோம்.”

அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. செண்பகத்துக்குக் காது மட்டும் பாம்புக் காது.

ஜூன் 20, வெள்ளி

அத்தானிடம் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஊர் என்ன சொல்லும். 29ஆம் தேதி மத்தியானம் வரச் சொல்லியாகிவிட்டது.

இன்றைக்குக் கேரட் பொரியல். கேட்காமலே செய்திருக்கிறாள். முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் மனையியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கால் அங்குலத் துண்டு என்றால் கால் அங்குலம்தான் இருக்க வேண்டும். இவள் நறுக்கியது ஒன்று பட்டாணி, ஒன்று பாக்கு. தட்டில் எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். “நல்லாத்தானக்கா வெந்திருக்கு” என்றாள். வெந்திருப்பதும் நறுக்கியிருப்பதும் ஒன்றா. பத்துக்கு நான்கு கொடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். இந்தச் சிரிப்பு புதிதாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். செண்பகத்துக்கு வாசனை தெரியாது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஊரெல்லாம் வந்த காய்ச்சல் இவளுக்கும் வந்தது. காய்ச்சல் போனது, மூக்கு திரும்பி வரவில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நானும் சொல்லவில்லை.

போதாக்குறைக்கு எங்கள் வீட்டில் அடுப்படியில் நின்று ருசி பார்க்கிற வழக்கமும் கிடையாது. அப்பா வைத்த சட்டம். எதைச் சமைத்தாலும் முதலில் ஒரு கரண்டி பூஜை அலமாரியில் இருக்கிற பிள்ளையாருக்கு. அதற்கு முன்னால் நாக்கில் வைத்தால் எச்சில். ஆக இவள் மோந்தும் பார்க்க முடியாது, தின்றும் பார்க்க முடியாது. காதால் சமைக்கிறாள். கடுகு வெடித்து ஓய்ந்ததும் உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை. கேரட்டைப் போட்டு உப்புப் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்து மூடிவிட்டு, மூடிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் நிற்கிறாள். தண்ணீர் பேசுகிறதாம். பேச்சு நின்றால் வெந்துவிட்டதாம். அப்புறம் தேங்காய்ப் பூ தூவி ஒரு புரட்டு. பைத்தியம், கோட்டி என்றுதான் சொல்வார்கள் பார்க்கிறவர்கள்.

இதையெல்லாம் வருகிறவர்களிடம் மறைப்பது தர்மமா என்று யோசிக்கிறேன். இவளுக்கு இருபத்தாறு வயதில் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு இடம் வந்தது. இரண்டு வயதில் ஜுர வேகத்தில் ஒரே ஒரு தடவை இவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது, அதைச் சொன்னேன். போனவர்கள் போனவர்கள்தான். அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது.

ஜூன் 24, செவ்வாய்

கண்ணாடி முன்னால் நின்று காதோர நரையை உள்ளே தள்ளிச் சொருகிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்ததும் சீப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஜூன் 27, வெள்ளி

சாமான் வாங்கி வந்தேன். கேரட் ஒரு கிலோ, பிஞ்சாக, கையால் ஒடித்தால் டக்கென்று ஒடிகிறது. தேங்காய் மூன்று. வீட்டுக்கு வந்து ஆட்டிப் பார்த்தால் ஒன்றில் தண்ணீர் சத்தமே இல்லை, கண் பக்கம் ஈரம் கசிந்து பூத்திருக்கிறது. கடையில் கொடுத்து மாற்ற வேண்டும். மற்ற இரண்டோடு கலந்துவிடாமல் தனியே அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் செண்பகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மறந்துபோன இடது காலுக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, “அக்கா, நான் போயிட்டா நீ தனியா என்ன செய்வ?” என்று கேட்டாள்.

போயிட்டா என்கிறாள். இன்னும் அவர்கள் வந்து இலையில்கூட உட்காரவில்லை.

“சவத்த விடு, அப்பப் பாத்துக்கிடலாம்” என்றேன். ஆனால் அவள் எழுந்து உள்ளே போன பிறகு இந்தக் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வீட்டில் நான் மட்டும் இருக்கிறதை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. பயம்தான், வேறு பெயர் வைக்க வேண்டாம்.

ஜூன் 29, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் செண்பகம் குளித்து, அரக்குச் சேலை கட்டப் போனாள். வேலை மிச்சமாகட்டுமே என்று தேங்காயை நான் உடைத்தேன். பரபரப்பில் எந்தக் காய் கைக்கு வந்தது என்று யார் பார்த்தார்கள். உடைத்ததும் வாடை குப்பென்று வந்தது. பருப்பு லேசாக மஞ்சள் ஓடி வழுவழுவென்று இருந்தது. நல்ல காரியத்துக்கு உடைக்கிற தேங்காய் அழுகியிருந்தால் அபசகுனம், அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும் என்பார் அப்பா. இன்றைக்குப் பார்த்து அதைச் சொல்லி அவளைக் கலவரப்படுத்துவானேன். நடுவில் கொஞ்சம் சுமாராக இருந்தது. துருவிக் கிண்ணத்தில் வைத்து மூடினேன். கேரட் நிறத்தில் மஞ்சள் தெரியவா போகிறது.

செண்பகம் வந்தாள். இன்றைக்குத் துண்டு ஒவ்வொன்றும் கால் அங்குலம், அளந்து வெட்டியதுபோல. கடுகு, பருப்பு, வற்றல், கேரட், மூடி. காதைக் கொடுத்து நின்றாள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். தேங்காய்க் கிண்ணத்தைத் திறந்து தூவினாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வாடை வாசல்வரை வந்தது. ஒரு கரண்டி எடுத்துப் பிள்ளையார் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அவருக்கு அத்தனை நீள மூக்கு, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். அத்தான், ஆவுடையப்பன், அவர் தங்கை வடிவு. ஆள் கறுத்து ஒடிசலாக இருக்கிறார், சட்டைப் பையில் மின்வாரிய நாட்களின் பழக்கமாக ஒரு டெஸ்டர். பெண் பார்க்க வந்த இடத்தில் டெஸ்டர். செண்பகத்தைப் பார்த்து, “உக்காருங்க, ஏன் நிக்கீங்க” என்றார். இந்த வீட்டில் அவளை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இலை போட்டோம். செண்பகம் முதலில் அவர் இலையில்தான் பொரியலை வைத்தாள். ஒரு வாய் எடுத்தார். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். தண்ணீர் குடித்தார். செண்பகம் அடுத்தது வடிவு இலைக்குக் கரண்டியைக் கொண்டுபோனாள்.

“அவளுக்கு வேண்டாம்” என்றார். “அந்தச் சட்டிய இங்க வைங்க. இன்னைக்குக் கேரட் பூராவும் எனக்குத்தான். ஒருத்தருக்கும் கிடையாது.”

“ஏண்ணே, கோட்டி கீட்டி பிடிச்சிட்டா?” என்று வடிவு சிரித்தாள்.

“நாலு வருசமாச்சுல்லா வடிவு” என்றவர், சட்டியை வாங்கி அப்படியே தன் இலையில் கவிழ்த்துக்கொண்டார். அத்தான் தொடையைத் தட்டிச் சிரித்தார். செண்பகம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். ஐம்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு அந்த ஓட்டம் தேவையா.

பெருந்தீனிக்காரன் என்று நினைத்தேன். இல்லையென்றால் இவருக்கும் மூக்கு போயிருக்க வேண்டும், ஜோடிப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு துண்டு விடாமல் தின்றார். ஒவ்வொரு வாய்க்கும் ரசத்தைக் குடித்து இறக்கினார்.

கை கழுவப் பின்பக்கம் வந்தவர் குழாயைத் திறந்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: “டீச்சர், தேங்கா நல்லாக் காறிப்போயிருந்துச்சு. அவங்களுக்குத் தெரிய வேண்டாம். ஆசையாச் செஞ்சிருக்காங்க, மனசு ஒடிஞ்சிரும்.”

 இந்த மனுஷன் தெரிந்தேதான் தின்றிருக்கிறார். மற்ற இரண்டு பேர் வாயில் அது படக் கூடாது, அவள் தலை குனியக் கூடாது என்று சட்டியோடு வாங்கித் தின்றிருக்கிறார்.

விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம், “அவளுக்கு மூக்கு வேலை செய்யாது. உங்ககிட்ட மறைக்கக் கூடாது பாருங்க. கேஸ் கசிஞ்சாக்கூடத் தெரியாது” என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே, “அதுக்கென்ன, எனக்கு மூக்கு இருக்குல்லா” என்றார்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. எனக்காக யாரும் ஒரு நாளும், ஒரு வாய்கூட, இப்படித் தின்றதில்லை. அதை நினைத்து அழுதேன். குழாய் திறந்தே இருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

ஜூன் 30, திங்கள்

செண்பகம் பாத்திரம் தேய்க்கும்போது பாடுகிறாள்.

ஜூலை 1, செவ்வாய்

அத்தான் போன் செய்தார். இந்த வீட்டில் போன் என்னிடம்தான் இருக்கிறது, செண்பகத்துக்கு எதற்குப் போன். அவர்களுக்குப் பரிபூரண சம்மதமாம். 11ஆம் தேதி முகூர்த்தம் இருக்கிறதாம், கோயிலில் வைத்து மாலை மாற்றிக்கொண்டால் போதுமாம். வடிவு சேலைகூட எடுத்துவிட்டாளாம்.

“அவளுக்கு மனசில்லை அத்தான்” என்றேன்.  “அன்னைக்கு மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலியே மங்கை” என்றார். என் தங்கை முகத்தை என்னைவிட இவர் நன்றாகப் படித்திருக்கிறாரா. “இந்த வயசுல என்னத்துக்குன்னு அழுதா” என்றேன்.

ஜூலை 2, புதன்

செண்பகத்திடம் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “சட்டியோட கேட்டு வாங்கித் தின்னாவளே” என்றாள்.

“மரியாதைக்குத் தின்னாவ. அழுகின தேங்காயப் போட்டுப் பொரியல் வச்சிருக்கட்டி. வீட்டுக்குப் போயி ரெண்டு நாளா வயித்தால போகுதாம்.”

“தேங்கா நீதானக்கா துருவுன?”

அவள் வேறு எதுவும் நினைத்துக் கேட்கவில்லை. அவளுக்கு அப்படி நினைக்கத் தெரியாது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. “எனக்கும் மூணு நாளா ஜலதோஷம். உனக்கு மூக்கு இல்லன்னா ஒலகத்துல எல்லாரும் மூக்கத் தொறந்து வச்சிக்கிட்டேவா இருக்கணும்? தூவுறவதான் கவனிக்கணும்” என்றேன். தலையை ஆட்டினாள். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி நம்பிக்கையோடு விட்டால் பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தே காய்ந்து போவார்கள். ஒரே வெட்டாக வெட்டிவிடுவதுதான் நல்லது. “மூக்கு செத்தவளக் கட்டி நான் என்ன செய்ய, நாளைக்குப் பீயத் தாளிச்சாலும் அவளுக்குத் தெரியாதேன்னு அத்தான்கிட்டச் சிரிச்சாராம்” என்றேன்.

கீரைத் தண்டு அவள் கையில் அப்படியே இருந்தது. “அவருகிட்ட மூக்கச் சொல்லிட்டியா அக்கா?”

“பின்ன, மறைச்சுக் கட்டிக்குடுக்கச் சொல்லுதியா?”

 கீரையை மூன்று தண்ணீரில் அலசினாள். மண் போய்விட்டதா என்று நாலாவது தண்ணீரிலும் அலசினாள்.

ஜூலை 5, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. இவள் பாடுவதை நிறுத்திவிட்டாள், தலைவலி விட்டது.

ஜூலை 9, புதன்

நினைத்தே பார்க்கவில்லை. பதினொன்றரை மணிக்கு வாசலில் ஆவுடையப்பன் நிற்கிறார். தனியாக, பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. அவங்களுக்கு இஷ்டமில்லன்னா நான் வற்புறுத்த மாட்டேன். ஒரே ஒரு வார்த்தை, அவங்க வாயால கேட்டுட்டுப் போயிருதேன்.”

இப்படிக் கேட்கிறவரை என்ன சொல்லி விரட்டுவது. கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். செண்பகம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். குரல் அவளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். முகம் வெளுத்துக் கிடந்தது.

“மெஸ்காரன் கடையப் பூட்டிட்டானாம். சோறாக்க ஆள் இல்லையாம். அதான் மறுபடியும் வந்து நிக்காரு. நீ என்ன சொல்லுத?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போனாள்.  வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். அவள் கூடத்து நிலைப்படியைத் தாண்டவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எனக்கு இஷ்டமில்ல. இனிமே இங்க வராதீங்க.”

அவர் எழுந்தார். கையைக் கூப்பினார். “சரிம்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க” என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்திருப்பார் போல. “அன்னைக்குக் கேரட் பொரியல் ரொம்ப நல்லா இருந்துச்சு. அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டு நாளாச்சு” என்றார்.

செண்பகம் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெறுப்பை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்துவிட்டார். செருப்பை மாட்டக் கால் தடுமாறியது. போய்விட்டார்.

“போற போக்குல எப்படிக் குத்திட்டுப் போறாரு பாத்தியாக்கா” என்றாள். அப்புறம்தான் அழுதாள். என் மடியில் தலையை வைத்து, சின்னப் பிள்ளையில் அழுததைப்போல. “நீ மட்டும் இல்லன்னா நான் அந்த ஆளுகிட்டப் போயி விழுந்திருப்பனேக்கா” என்றாள்.

தலையைத் தடவிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி யாரும் கல்யாணப் பேச்சோடு படியேற மாட்டார்கள். அத்தானும் கோபத்தில் போன் செய்வதில்லை. அத்தானுக்குக் கோபம் வந்தால் எனக்கு ஒரு காபி மிச்சம்.

செண்பகத்துக்கு இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. எதைச் சமைத்தாலும் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். “நல்லாருக்காக்கா?” பால், மாவு, துவைத்த சேலை, எல்லாம் நீட்டுகிறாள். மூடிக்குப் பக்கத்தில் காது வைத்து நிற்பதையும் விட்டுவிட்டாள். அடுப்பை அணைக்கலாமா என்பதைக்கூட என்னைக் கேட்டுத்தான் செய்கிறாள். கைக்காரியமாக ஏதாவது எழுத உட்கார்ந்தால் நூறு தடவை எழுந்து மோந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒருத்திக்கு நாம் தேவைப்படுகிறோம் என்பது பெரிய விஷயம்தான்.

ஜூலை 20, ஞாயிறு

அந்த நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் கேரட் வாங்கினேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். புதுத் தேங்காய், இளசு, உடைத்ததும் தண்ணீரே அரை டம்ளர் வந்தது. கொஞ்ச நேரத்தில் சட்டியோடு வந்து நின்றாள். கறிவேப்பிலையும் தேங்காயும் சேர்ந்து நெய் மாதிரி வாசனை வந்தது. எனக்கு வாயில் நீர் ஊறியது.

“நல்லாருக்காக்கா?”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. “ஒரு மாதிரி வாடை வருது” என்றேன்.

எந்த வாடை என்று கேட்கவில்லை. தேங்காய் இன்றைக்கு உடைத்ததுதானே என்று கேட்கவில்லை. பின்பக்கம் போய்க் குப்பை வாளியில் சட்டியோடு கவிழ்த்தாள். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். உட்கார்ந்து மீதிக் கேரட்டை நறுக்கினாள், கால் அங்குலம், கால் அங்குலம். கடுகு போட்டாள், பருப்பு போட்டாள், இன்னொரு மூடித் தேங்காயைத் துருவினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது.

மறுபடியும் கொண்டுவந்து நீட்டினாள். முதலில் செய்ததைவிட இது இன்னும் நன்றாக இருந்தது. நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தேன். அவள் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.